முதல் விலைக்குத் தலையாட்டியவர்

கடைத்தெருவில் அவருக்கு முக்கால் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வீட்டு வரி ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. யார் என்ன விலை சொன்னாலும், சொன்னவர் வாயை மூடுவதற்குள் அதில் முக்காலைத் திருப்பிச் சொல்லிவிடுவார். ஒருமுறை பல் டாக்டர் ஒரு பல்லுக்குச் சொன்ன காசு கட்டுபடியாகாது என்று, பக்கத்துப் பல்லையும் அதே காசில் சேர்த்துப் பிடுங்கித் தரும்படி பேசி முடித்து, நல்ல பல் ஒன்றை இழந்துவிட்டு வெற்றியோடு வீடு திரும்பியவர். இன்றைக்கும் அந்தப் பக்கம் மெல்ல முடியாது. ஆனாலும் அது நல்ல பேரம்தான் என்று சாதிப்பார்.

அவருடையது இரும்புக் கடை. ஆணி, கீல், கப்பி, வாளி, பூட்டு. கொஞ்ச காலமாகப் பூட்டு மட்டும் நன்றாகப் போயிற்று. தெருவில் எந்தக் கடைக்காரர் வியாபாரத்தை முடித்துக்கொண்டு வெளியூர் கிளம்பினாலும், கடைசியாக இழுத்துச் சாத்திய கதவுக்குப் பூட்டு இவரிடம்தான் வாங்குவார். ஊர் காலியாவதில் நாலு காசு பார்த்த ஒரே ஆள் தாம்தான் என்று அவருக்கே தெரியும். தெரு முழுக்கத் தொங்கும் பூட்டுகளைப் பார்த்து, "எல்லாம் நம்ம சரக்கு" என்று பெருமைப்படவும் முடியவில்லை, வெட்கப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்த பூட்டு அவர் வீட்டு மாடிக்கே தேவைப்படும் போலிருந்தது. மாடியில் மகளும் மருமகனும் இருந்தார்கள். மகள் உணவுப் பொருளைக் கெடாமல் பதப்படுத்துவது பற்றிப் படித்தவள். மருமகன் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர். சுற்று வட்டாரத்தில் தக்காளி போட்டவர்கள் எல்லாம் விலை கிடைக்காமல் நிலத்தைச் சும்மா போட்டுவிட, மோட்டாரும் ஓடவில்லை, ஓடாத மோட்டார் கெட்டுப்போகவும் இல்லை. நகரத்தில் வீடு பார்த்தாயிற்று. மாதக் கடைசியில் கிளம்புவதாகப் பேச்சு.

மகள் போகக்கூடாது என்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் "போகாதே" என்று சொல்லத் தெரியவில்லை. வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன பொருளுக்கு விலை ஏறிவிடும் என்று பழகிய நாக்கு அது. அதனால் நகரத்தில் குற்றம் கண்டுபிடித்தார்.

"அங்க தண்ணி உப்பாமே."

"ஃபில்டர் வாங்கிக்குவோம்பா."

"மூணாவது மாடியாம். ஏறி இறங்கினா முட்டி தேஞ்சிடும்."

"தேயட்டும். இங்க உக்காந்து உக்காந்து மரத்துல்ல போச்சு."

இந்த நேரத்தில்தான் ஒரு கம்பெனி வந்தது. காய்கறியை வாங்கி, நறுக்கி, காயவைத்து, பொட்டலம் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. கடைத்தெருக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவாக, காலியாகக் கிடந்த பஞ்சுக் கிடங்கு ஒன்று இருந்தது. கிடங்கை இவர்கள் தர வேண்டும். இயந்திரம் கம்பெனி போடும். விளைச்சலை விவசாயிகள் தருவார்கள். வேலைக்கு ஊர் ஆட்கள். லாபத்தில் பத்துக்கு நாலு பங்கு ஊருக்கு. மேற்பார்வைக்குப் படித்த உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று அவர்களே கேட்டிருந்தார்கள். அப்படி ஓர் ஆள் ஊரில் ஒருத்திதான். முக்காலின் மகள்.

சேதியைக் கேட்டதும் மகள் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டாள். "இது மட்டும் வந்துச்சுன்னா நாங்க ஏன்பா போறோம்?" என்றாள். அவர் "பாப்போம், பாப்போம்" என்று மோட்டுவளையைப் பார்த்துச் சொன்னாரே தவிர, உள்ளுக்குள் குதித்தார்.

பேசுவதற்கு ஊர் அவரைத்தான் அனுப்பியது. வேறு யாரை அனுப்பும்? முந்தைய நாளே எல்லாரையும் கூப்பிட்டு வகுப்பு எடுத்துவிட்டார்.

"நாலு பங்குன்னு முதல்லயே சொல்றான்னா, ஆறு தர்ற தெம்பு இருக்குன்னு அர்த்தம். நான் பேசறேன். நீங்க யாரும் சிரிக்கக்கூடாது. பிடிச்சிருக்குன்னு கண்ணுல கூடத் தெரியக்கூடாது. கேட்டா எதையாவது குறை சொல்லணும். கடைசியா நான் எழுந்து போவேன். அவங்க பின்னாலயே ஓடி வருவாங்க. அப்ப பாருங்க."

"ஓடி வரலைன்னா?" என்றார் செருப்புக் கடைக்காரர்.

"என் சர்வீஸ்ல வராதவன் எவன்யா?"

கம்பெனியிலிருந்து வந்தது ஓர் அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். துணிக்கடை மாடியில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா இயந்திரத்தின் படத்தைக் காட்டி, யாருக்கு என்ன வேலை, யாருக்கு என்ன பங்கு என்று பளிச்சென்று சொல்லி முடித்தது. கடைக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே நடித்தார்கள். துணிக்கடைக்காரர் கொட்டாவி விட்டார். செருப்புக் கடைக்காரர் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி படத்தை வாங்கிப் பார்த்து, "கலரு சரியில்லையே" என்றார். காயவைக்கிற இயந்திரத்துக்கு எந்தக் கலர் சரி என்று அவருக்கே தெரியாது.

"உங்களுக்கு வேற எதாவது சந்தேகம் இருக்கா ஐயா?" என்று அந்த அம்மா முக்காலைக் கேட்டது.

"சந்தேகம் என்னம்மா சந்தேகம். எங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்ல. கிடங்கைக் கேட்டு நாலு பேரு நிக்கறாங்க." நின்றவை நாலு ஆடுகள். "ஏதோ தூரத்துலேர்ந்து வந்துட்டீங்களேன்னு உக்காந்தோம். ஆறு பங்குன்னா பேசலாம்."

"எங்களால நாலுதான் ஐயா முடியும். அதுக்குக் கீழயும் சொல்ல மாட்டோம், மேலயும் மாட்டோம்."

"அப்ப சரி." முக்கால் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த உதறலுக்கே பலபேர் விலை இறங்கியிருக்கிறார்கள். படியில் மெதுவாக இறங்கினார். பாதியில் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். ஒரு செருப்பு வாரில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் வேலை பார்ப்பான்?

மேலே காலடி கேட்டது. அந்த அம்மா பையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தது. முக்கால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி ஐயா. உங்க எல்லாரோட நேரத்தையும் வீணாக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க," என்று கும்பிட்டுவிட்டு அவரைத் தாண்டிப் போய் வண்டியில் ஏறியது. வண்டி தெருமுனை திரும்பியது.

"திரும்பி வரும்ல?" என்றார் துணிக்கடைக்காரர்.

"வரும். சூடு ஆறட்டும்," என்றார் முக்கால். குரல் அவருக்கே கொஞ்சம் தள்ளுபடி விலையில் கேட்டது.

வரவில்லை. மறுநாள் வந்தது சேதிதான்: கம்பெனி வண்டி பக்கத்து ஊரில், எண்ணெய் மண்டி வாசலில் நிற்கிறதாம். எண்ணெய் மண்டி அவருடைய தங்கச்சி புருஷனுடையது. இருவரும் மச்சான் மச்சான் என்று உயிரை விடுவார்கள். ஒருவருக்கொருவர் ஒரு ரூபாய் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மாடிக்குப் போனார். மகள் பாத்திரங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, மறுபடியும் ஆரம்பிச்சிட்ட?"

"வண்டி சொல்லியாச்சுப்பா. நாளன்னைக்கு."

"அவசரப்படாத. அந்த அம்மா வருவாங்க."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கம்பெனி நமக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களாப்பா?"

"அதெப்படிச் சொல்ல முடியும்? வேணும்னு சொன்னா அப்புறம் என்ன பேசறது?"

"சரி. நான் இங்க இருக்கணும்னாவது உங்களுக்கு இருக்கா இல்லையா? அதையும்தான் நீங்க சொன்னதே இல்ல."

அவர் வாயைத் திறந்தார். "அங்க கொசு ஜாஸ்தியாமே" என்றுதான் வந்தது.

மகள் பெட்டியை மூடிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

முக்கால் கீழே வந்து கொஞ்ச நேரம் கல்லாவில் உட்கார்ந்தார். அறுபது வயது வரை வாயை வைத்துப் பிழைத்தவனுக்கு, பெற்ற பெண்ணிடம் ஒரு சொல் சொல்ல வாயில்லை. சொந்த மகளையே கழிவுச் சரக்கு மாதிரி அலட்சியமாகப் பார்த்து விலை இறக்கப் பார்த்த மடையன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. கடையைச் சாத்தி, சொந்தப் பூட்டையே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

பக்கத்து ஊர் மண்டியை நெருங்கும்போது கம்பெனி வண்டி இன்னும் அங்கேயே நின்றது. உயிர் வந்தது. உள்ளே நுழையப் போனவர், பக்கவாட்டுச் சந்தில் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை சுவரோடு சுவராக ஒட்டி நிற்பதைப் பார்த்தார். மச்சான்.

"இங்க என்ன பண்றீங்க மச்சான்?"

"சத்தம் போடாதீங்க! எழுந்து வந்துட்டேன்."

"எவ்வளவு நேரமாச்சு?"

மச்சான் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அது ஆச்சு நிறைய நேரம். இப்ப கூப்பிடும் பாருங்க."

"கூப்பிடாது மச்சான். எனக்குத் தெரியும். நான் படியில செருப்பு வாரைத் தேச்சே அறுத்துட்டேன்."

மச்சான் அவரைப் பார்த்தார். அவர் மச்சானைப் பார்த்தார். இரண்டு ஊரின் தலைசிறந்த வியாபாரிகள், பீப்பாய்க்குப் பின்னால், ஒருவரும் தேடாத திருடர்கள் மாதிரி.

"சொந்தக் கடையில எழுந்து வெளியே வந்துட்டீங்களே. கூப்பிடலைன்னா எந்த வீட்டுக்குப் போவீங்க?"

"அதான் எனக்கும் இப்பதான் உறைச்சுது," என்றார் மச்சான் பரிதாபமாக.

உள்ளே அந்த அம்மா பையை மூடிக்கொண்டிருந்தது. முக்கால் எதிரில் போய் நின்றார். உட்காரவில்லை, உட்கார்ந்தால் பழக்கம் வந்துவிடும் என்று பயம்.

"அம்மா, எங்களுக்கு அது வேணும்."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "எது ஐயா?"

"கம்பெனி. ஆலை. எல்லாம்தான். நேத்து நாங்க காட்டினது எங்க நிஜ மூஞ்சியே இல்லம்மா. பிடிச்ச பொருளைப் பிடிக்கலைன்னு சொல்லித்தான் வாங்குவோம். எங்க வழக்கம் அது. செருப்புக் கடைக்காரருக்கு உங்க மிஷின் கலர் ரொம்பப் பிடிச்சிருக்கு."

"வேணும்னா வேணும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா விலையை ஏத்திடுவீங்களே."

"நான்தான் விலையை முதல்லயே சொல்லிட்டேனே ஐயா."

"அதைத்தான் நாங்க நம்பலை."

அந்த அம்மா சிரிக்கவில்லை. களைத்துப்போயிருந்தது. "ரெண்டு ஊர்லயும் ஆர்வம் இல்லைன்னு இப்பதான் ஆபீஸ்ல சொன்னேன். சாயங்காலம் வேற மாவட்டத்துக்குக் கிளம்பறேன்." பிறகு அவரையே பார்த்தது. "இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க?"

வியாபாரி சொல்லவே கூடாத ஒன்று உண்டென்றால், ஒரு பொருள் தனக்கு எதற்குத் தேவை என்பதுதான். முக்கால் சொன்னார்.

"என் பொண்ணு ஊரை விட்டுப் போறா. எனக்கு அவ போகக்கூடாது."

பின்னாலிருந்து மச்சான் அவர் முதுகில் குத்தினார். இப்படியா பிடியைக் கொடுப்பது!

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தது. "உங்க ஊர்ல கிடங்கு இருக்கு, தண்ணி பத்தாது. இங்க தண்ணி இருக்கு, லாரி நிக்கிற ரோடு இருக்கு, இடம் இல்ல. ரெண்டு ஊரும் சேர்ந்து வந்தா நான் ஆபீஸ்ல கேக்க முடியும். ஆனா அதே நாலு பங்குதான். ரெண்டு ஊருக்கும் சேர்த்து. மேற்பார்வை வேலைக்கு உங்க பொண்ணு எல்லாரையும் மாதிரி நேர்ல வந்து பேசணும். அதுக்கு நான் வாக்கு குடுக்க முடியாது."

நாலு என்பது ஊருக்கு இரண்டாகிவிட்டது. ஐந்தரை என்ற சொல் தொண்டை வரை வந்து, நாக்கின் நுனியில் நின்று, குதிக்கத் தயாராயிற்று. அதை விழுங்கினார். பல் பிடுங்கியபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

"சரிம்மா," என்றார்.

"மச்சான்!" என்று அலறினார் எண்ணெய் மண்டிக்காரர்.

"நீங்களும் சரின்னு சொல்லுங்க மச்சான். சொல்லிட்டு அப்புறம் அழுங்க."

அவரும் சொன்னார். அழவும் செய்தார், லேசாக. அந்த அம்மா அங்கிருந்தே ஆபீஸுக்குப் போன் போட்டு நெடுநேரம் வாதாடியது. கடைசியில், "சரி, இவங்களுக்கு ஒரு வாய்ப்பு குடுப்போம்" என்று சொல்லிப் போனை வைத்தது. இரண்டு மச்சான்களும் நாற்காலியில் சரிந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மாடியில் கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவே மகளும் மருமகனும் உட்கார்ந்திருந்தார்கள். முக்கால் வாசலில் நின்றபடியே, விடாமல், ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: கம்பெனி வருகிறது. அவள் போகக்கூடாது. அவருக்கு அவள் வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, ஏதோ விலையுயர்ந்த சாமானைக் கைதவறிப் போட்டுவிட்டவர் மாதிரி நின்றார்.

மகளின் முகம் ஒரு கணம் என்னவோ ஆயிற்று. பிறகு சமாளித்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை பங்குக்குப்பா முடிச்சீங்க?"

"நாலு. ரெண்டு ஊருக்கும் சேர்த்து."

"அப்ப நமக்கு ரெண்டா? சும்மா இருந்தாலே நாலு வந்திருக்குமே!"

"ஆமாம்."

"சரி, கரண்ட் பில் யாரு தலையில?"

"கேக்கலை."

"அழுகிப்போற தக்காளி யாரு கணக்கு?"

"அதுவும் கேக்கலை. வேணும்னு சொல்லிட்டேன்ல. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

மகள் பெட்டி மேலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க, கேட்டீங்களா?" என்று புருஷனைப் பார்த்தாள். "இவரை இந்த லட்சணத்துல விட்டுட்டுப் போனா, அடுத்த வாரம் வீட்டையும் எழுதிக் குடுத்துட்டு வந்து நிப்பாரு. வண்டிக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. நாளைக்கு நான் போய் அந்த அம்மாவைப் பாக்கறேன். வேலைக்கும் பேசணும், அழுகின தக்காளிக்கும் பேசணும். எண்ணெய் மண்டி மாமாகிட்டயும் தண்ணிக்குத் தனியாப் பேசி வைக்கணும். அவரு இப்பவே கணக்கு எழுத ஆரம்பிச்சிருப்பாரு."

"நகரத்து வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கோமே," என்றார் மருமகன். "அந்த ஆளு லேசுல திருப்பித் தர மாட்டான்."

முக்காலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதை விடுங்க, நான் போய்ப் பேசி வாங்கிட்டு வரேன்!"

"நீங்க வேணாம்!" என்றார்கள் இரண்டு பேரும் சேர்ந்து.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பக்கத்துப் பெட்டியின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். முடிச்சு இறுகியிருந்தது. கத்தி கேட்டார். நல்ல கயிறு வீணாகிவிடும் என்று சொல்லி, மகள் அவர் கையை விலக்கிவிட்டு நகத்தாலேயே பிரிக்க ஆரம்பித்தாள்.