முனிரத்தினம் பிடித்த கெளுத்தி

1991 வைகாசியில் வடக்குப்பட்டு ஏரி அடிமட்டத்துக்கு வற்றியபோது, முனிரத்தினத்தை ஒரு கெளுத்தி இழுத்துக்கொண்டு போயிற்று. அவன் சேற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டு, மீனின் இரண்டு பக்க முள்ளையும் விரலிடுக்கில் அடக்கித்தான் பிடித்தான். மீன் மேலே வரவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு மண்ணுக்கடியிலேயே கரையேறிவிட்டது. காய்ந்த மண் அவன் கைக்கு வழிவிட்டுப் பின்னால் மூடிக்கொண்டது. குனிந்தவாக்கில் அவன் கேழ்வரகுக் கொல்லையைத் தாண்டிப் போவதை, கரையில் அன்னக்கூடையோடு நின்ற அவன் பெண்டாட்டி கனகம் பார்த்தாள். அந்த வருஷம் வெயில் அதிகம், மீன் குளிர்ந்த இடம் தேடுகிறது என்றார்கள் ஊரில்.

கையை விட்டால் தீர்ந்தது. ஆனால் ஏரி வற்றி ஊரே மீனுக்கு இறங்கும் நாளில் அங்கே ஒரு ஊர்க்கட்டுப்பாடு உண்டு. மீன் பிடித்தவனுக்கு, அவன் விட்டால் பக்கத்தில் நிற்பவருக்கு. பக்கத்தில் நின்றவன் கனகத்தின் அண்ணன் தாண்டவராயன். போன வருஷத்து விரால் ஒன்றைப் பற்றி இருவருக்கும் மனஸ்தாபம். அதனால் இவன் மீனை விடவில்லை, அவன் இவனை விட்டு நகரவில்லை.

"கை வலிக்குதா மாப்ள? வலிச்சா விட்டுடு. நான் இன்னா சொல்லப்போறேன்."

"உனுக்குக் கால் வலிச்சா வூட்டுக்குப் போ மச்சான்."

கெளுத்திக்கோ ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரகடம் போயிற்று, படப்பை போயிற்று, ஸ்ரீபெரும்புதூர் கோயில் குளத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பியது. உச்சி வெயிலில் மட்டும் ஏதாவது புளியமரத்தடியில் நிற்கும். அங்கே முனிரத்தினம் குப்புறப் படுப்பான், தாண்டவராயன் துண்டை உதறிப்போட்டு அருகில் படுப்பான். கனகம் கூழ் எடுத்துக்கொண்டு விசாரித்து விசாரித்து வந்து சேருவாள். "குனிஞ்சிகினு ஒருத்தரு, அவரத் திட்டிகினு ஒருத்தரு, இப்படிப் போனாங்களா?" என்றால், டீக்கடைக்காரர்கள் பால் ஆற்றுவதை நிறுத்தாமலே திசை காட்டுவார்கள். இருவருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் வீடு இன்னும் கொஞ்சம் ஒழுகிக்கொண்டிருக்கும். கூரை மாற்ற ஆளில்லை. படுத்தாலும் புரண்டுகொண்டே கிடப்பாள். நாளைக்கு எந்தத் திசையோ என்று காலுக்குத்தான் கவலை.

மழைக்காலங்கள் போயின. கொல்லைகளில் கல் நட்டார்கள், கல்லுக்குப் பின் சுவர், சுவருக்குப் பின் கம்பெனி. கெளுத்தி ஒருநாள் கேட் வழியாக நுழைந்தபோது செக்யூரிட்டி தடுத்தான்.

"உள்ள இன்னா வேலை?"

"மீனைத்தான் கேக்கணும்" என்றான் முனிரத்தினம்.

ஒரு ஐப்பசியில் கூரை மொத்தமாக இறங்கிவிட்டது. கனகம் அன்று கூழ் இல்லாமல் வந்தாள். இருவரும் ஒரகடம் தார் ரோட்டில், நனைந்தபடி வந்துகொண்டிருந்தார்கள்.

"யோவ், வூடு வுழுந்துச்சு. சட்டி பானையோட பள்ளிக்கூடத்துல கீறேன். விட்டுட்டு வாய்யா."

"விட்டா உங்கண்ணன் எடுத்துக்குவான்மே."

"அப்படின்னா எங்கையில குடு."

தாண்டவராயன் குறுக்கே வந்தான். "பொம்பள சேத்துல கை வெக்கிற வழக்கம் இல்ல, தங்கச்சி."

"இது சேறில்லண்ணா. தார் ரோடு."

கனகம் புருஷன் கையை ஒட்டியே தன் கையை இறக்கினாள். முள் தட்டுப்பட்டது, விரலிடுக்கில் அடக்கினாள். முனிரத்தினம் கையை உருவிக்கொண்டு நிமிர்ந்தான். முதுகு நிமிரச் சற்று நேரம் ஆயிற்று. கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவன் நிமிர்ந்ததும் விட்டுவிடலாம், யார் எடுத்தால் என்ன, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மீன் நகர்ந்தது. குளிர்ச்சியாக, அவசரமாக, எங்கே என்று சொல்லாமல். இத்தனை வருஷமும் இவர்கள் போன இடத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தவள் அவள். இப்போது அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

"விட்டுடு கனகம், போதும்" என்றான் முனிரத்தினம்.

"ரெண்டு பேருமாப் போய் ஓலை வெட்டுங்க" என்றாள், திரும்பாமல்.

வெட்டினார்கள். கூரையும் வேய்ந்தார்கள். உச்சிப் பொழுதுக்குக் கூழைத் தூக்கிக்கொண்டு முனிரத்தினம் டீக்கடைகளில் விசாரிப்பான். "இப்பத்தான், தண்ணி லாரிக்கு முன்னால போச்சு" என்பார்கள். கனகம் சுங்குவார்சத்திரம் பார்த்தாள், காஞ்சிபுரம் பார்த்தாள். ஷிப்ட் பஸ் டிரைவர்கள் அவளைக் கண்டால் ஹாரன் அடிப்பதில்லை. குனிந்தபடியே அவள் சும்மா இருக்கும் கையைக் காட்டி, முந்திப் போகச் சொல்வாள்.