திரும்பி உட்கார்ந்த கண்ணிகள்

டீச்சரம்மாவின் பின்னல் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான்: அவளுக்கு எதிரே யாரும் உட்காரக் கூடாது. “பக்கத்துல வாம்மா. எதிர்ல இருந்து பாத்துக் கத்துக்கிட்டா எல்லாம் இடவலமா வரும்” என்பாள். அதனால் முன்னறையின் எதிர் நாற்காலி அவள் கணவருக்கே பட்டா. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தால் பக்கம் புரட்டுவதுகூட அபூர்வம்.

அந்த வீட்டில்தான் ஒரு விசித்திரத் திருடன் புகுந்திருந்தான். மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காக டீச்சரம்மா கருநீலக் கம்பளியில் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணி நழுவி ஓட்டை விழுந்திருப்பது விரலுக்குத் தெரியும். சரி, படுத்து எழுந்து பார்ப்போம் என்று வைத்துவிட்டுப் போவாள். மதியத் தூக்கம் முடிந்து வந்து தடவினால் ஓட்டை இருக்காது. நழுவிய கண்ணி சமர்த்தாக ஊசியில் ஏறியிருக்கும்.

கை தேர்ந்தவளுக்குக் கண்ணி ஏன் நழுவுகிறது? அங்கேதான் அவள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகக் கண்ணில் புகை படர்ந்தது போல இருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மகள் காதுக்குப் போனால் “போதும்மா, எல்லாத்தையும் மூட்டை கட்டு” என்பாள். ஊசியைப் பிடுங்கிவிட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று டீச்சரம்மாவுக்குப் பயம். திருத்துகிற ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. யார் அது?

முதலில் மருமகள் மேல்தான் சந்தேகம். மாமியார் என்று ஆனபிறகு வேறு யார் மேல் வரும்?

“நானா? உங்க பின்னல்ல கைய வெச்சிட்டு இந்த வீட்ல குடியிருக்க முடியுமா அத்தை?”

அதுவும் நியாயம்தான். தவிர, விரல் வேறு கதை சொன்னது. ஊசியில் ஏறிய கண்ணி வளையத்துக்கு இரண்டு கால்; அதில் வலது கால் முன்னால் இருக்க வேண்டும். திருடன் தொட்ட வரிசையில் எல்லாம் இடது கால் முன்னால் நின்றது. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவள், அவள் பின்னல் நேராக இருக்கும். இது இடவலம் மாறிய கை. எதிரே இருந்து பார்த்துக் கற்ற கை.

டீச்சரம்மா எதிர் நாற்காலியைப் பார்த்தாள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா?

அன்று மதியம் படுத்தவள் தூங்கவில்லை. மெல்ல எழுந்து வந்தாள். மடியில் செய்தித்தாள், அதன்மேல் கருநீலச் சட்டை, பல்லுக்கிடையில் நாக்கு. கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

“என்னங்க இது?”

“நழுவிருச்சு. எடுத்து வெச்சேன்.”

“எப்பக் கத்துக்கிட்டீங்க?”

“நீ ஊருக்கே சொல்லித்தர்றே. நான் எதிர்லதானே இருக்கேன்? பேப்பர்ல தினமும் அப்படி என்னதான் இருக்கு படிக்க?”

“எல்லாம் இடவலமா இருக்கு.”

“ஆயுசு பூரா சைடு கண்ணாடியப் பாத்து வண்டி ஓட்டினவன். எனக்கு அதுதான் நேர்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. “என் கண்ணு...”

“தெரியும். டம்ளர வைக்க மேசையத் தடவுறியே, அப்பவே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

“சொன்னா ஊசியப் பிடுங்கிருவாங்க.”

“எவன் பிடுங்குறான்னு பாக்குறேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம், நான் கூட வரேன். அதுவரைக்கும் நீ பின்னு, நான் காவல் இருக்கேன்.”

அவர்மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம் பொங்கியது. காட்டிக்கொள்ளாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து இன்னொரு ஜோடி ஊசி எடுத்து நீட்டினாள்.

“சட்டைக்கு ரெண்டு கையும் பாக்கி இருக்கு. வலது கை எனக்கு, இடது கை உங்களுக்கு.”

அவர் நல்ல மாணவனாக நாற்காலியை அவள் பக்கத்தில் இழுக்கப் பார்த்தார்.

“வேண்டாம், அங்கேயே இருங்க” என்றாள் டீச்சரம்மா. “இத்தனை நாளும் அங்கேருந்துதானே என்னைப் பாத்துட்டிருந்தீங்க.”