டிக்கிக்குள் ஒரு துண்டு ஒயர்

மாமா கார் பானெட்டைத் தூக்கியதுமே இளவழகன் சாவியோடு இரண்டடி பின்னால் நகர்ந்தான். தாய்மாமன் ராஜ்குமார் திண்டிவனத்தில் கார் மெக்கானிக். அக்கா புருஷன் செத்த சேதி கேட்டு ஓடி வந்தவர், மாலையைப் போட்டு ஒரு மூச்சு அழுதுவிட்டு நேராகக் காரிடம் வந்துவிட்டார். விடியக்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்ட அப்பா பெரியதம்பியை விழுப்புரம் கொண்டுபோகலாம் என்று சாவியைத் திருப்பினால், டிக்கென்றதோடு சரி. ஆம்புலன்ஸ் மயிலம் தாண்டி ஊருக்குள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் நின்ற வண்டி ஏன் காலை வாரியது என்று தெரியாமல் மாமாவுக்கு மனசு ஆறவில்லை.

ஏன் என்று இளவழகனுக்குத் தெரியும். எல்லாம் டிக்கிக்குள் பாட்டு அதிர மாட்டிவைத்த அந்தப் பாழாய்ப்போன சப்ஊஃபர் ஸ்பீக்கரால் வந்த வினை. நேற்றுச் சாயங்காலம் திடீரென்று சத்தமே இல்லை. ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. எர்த் ஒயரைச் சுரண்டி மாட்டினான். ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரின் விளக்கு எரிவேனா என்றது. கடைசியில், ஸ்டீரியோவை அணைத்தால் ஆம்ப்ளிஃபயரையும் அணைக்கிற ரிமோட் ஒயரின் முனையை, ஒரு துண்டு ஒயர் வைத்து நேராகப் பக்கத்திலிருந்த பாட்டரி ஒயர் முனையோடு இணைத்தான். விளக்கு எரிந்தது, சத்தம்தான் வரவில்லை. செல்போன் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்த அம்மா தேவகி, இப்படியே விட்டால் பாட்டரி இறங்கிவிடாதா என்று கேட்டாள். டெஸ்டுக்குத்தான், கழட்டிவிடுவேன் என்றான். சலித்துப்போய் டிக்கியை அடித்துச் சாத்தியவன் அதைக் கழட்ட மறந்தே போனான்.

இப்போது மாமாவை நினைத்தால்கூட அவ்வளவு பயமில்லை. அம்மாவுக்கு அந்த ஒயர் ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்றுதான் பயந்தான்.

மாமா பாட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். "சுத்தமா எறங்கிப் போயிருக்குதுடா. எதுவோ ராத்திரி பூரா இழுத்துக்கினு இருந்திருக்குது. டிக்கியத் தொற."

சாவியை டிக்கித் துளையில் நுழைத்தான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தவன் திரும்பிப் பார்த்தான். பந்தல் முழுக்கப் பங்காளிகள். கொள்ளி வைக்கப்போகிறவன், அப்பன் சாவுக்கு நான்தான் காரணம் என்று எந்த வாயால் சொல்வான்? டிக்கியைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

மாமா ஒயர்களை இழுத்துப் பார்த்து, "இங்க ஒண்ணுமில்ல" என்றார். இளவழகன் மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தான். துண்டு ஒயரைக் காணோம். அது மாட்டியிருந்த இரண்டு முனைகளின் திருகாணிகளும் இறுக்கப்பட்டிருந்தன.

"வேற இன்னாக்கா போட்டு வெச்சிருந்தீங்க?" மாமா வாசலைப் பார்த்துக் கேட்டார்.

ஃப்ரீசர் பெட்டி ஓரம் உட்கார்ந்திருந்த தேவகி தலையைத் தூக்காமலே தம்பிக்குப் பதில் சொன்னாள்.

"உங்க மாமாதான் லைட்ட அணைக்காம வந்து படுத்துட்டாரு. காலைலதான் நான் பாத்து அணைச்சேன்."

நேற்று முழுக்க அப்பா கார்ப் பக்கமே போகவில்லை.

மனுசனுக்கு எப்போதுமே அஜாக்கிரதைதான் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டு டிக்கியைச் சாத்தினார்.

தேவகி அப்போதுதான் மகனைப் பார்த்தாள். பார்த்தபடியே பாயில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள். இளவழகன் சாவியைப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றான்.