கரண்ட் போகும் நேரம்

ஞானசேகரனுக்கு வலது தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. பிளாஸ்டிக் மூடி வார்க்கும் கை மெஷினின் கைப்பிடியை இழுத்து இழுத்து வந்த வலி. சட்டை மாட்டுவதே பெரும்பாடாக இருந்தது.

அன்று மாநிலச் சிறுதொழில் சங்கம் மின்சார இலாகா அதிகாரியைப் பார்க்கப் போகிறது. தொம்மலூர்ச் சந்தில் அந்தச் சங்கத்தில் சேர்ந்திருந்தவன் இவன் ஒருவன்தான். அந்தக் கோடையில் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போனது. போனால் உருகின பிளாஸ்டிக் மெஷினுக்குள்ளேயே இறுகிவிடும். சுரண்டி எடுப்பதற்குள் பாதிப் பகல் போய்விடும். எந்த நேரம் போகும் என்று முன்னாலேயே சொன்னால் போதும். சந்தில் மெஷின் வைத்திருந்த எல்லாரும் அதைத்தான் கேட்டு வரச் சொன்னார்கள்.

"அங்க போய் வாய மூடிக்கினு குந்திராதண்ணா," என்றாள் எதிர்வீட்டு அம்புஜம். அவளுக்கும் ஒரு கை மெஷின்தான் பிழைப்பு.

வெகுநேரம் காத்திருந்தார்கள். சங்கத்தின் வழக்கப்படி முதலில் சால்வை, பழக்கூடை, போட்டோ. பிறகுதான் மனு. தொழிற்பேட்டைக்காரர்கள் பேசி முடித்ததும் செயலாளர் நாகேஷ் இவனை முன்னால் தள்ளி, இவர் சந்துக்குள் தொழில் நடத்துகிறவர், இவரையும் கேளுங்கள் என்றார்.

அதிகாரி நல்ல மனிதர். எந்தச் சந்து, யார் யார் மெஷின், மீட்டர் நம்பர் என்ன என்று சொல்லுங்கள், நாளைக்கே ஆள் அனுப்பிப் பார்த்து ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

அப்போதுதான் ஞானசேகரனுக்கு உறைத்தது. சந்தில் தொழில் மீட்டர் அவனுக்கு மட்டும்தான். அம்புஜமும் மற்றவர்களும் வீட்டு மீட்டரில் ஓட்டுகிறார்கள். ஆள் வந்தால் இணைப்பையே வெட்டிவிடுவான். இதைக் கிளம்பும் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வருஷக்கணக்காக ஓட்டி ஓட்டி, அது தப்பு என்பதே எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது.

ஒன்றும் இல்லை சார் என்று கன்னடத்தில் சொல்லி உட்கார்ந்தான்.

நாளையிலிருந்து தொழிற்பேட்டைகளுக்குப் பகல் முழுக்கக் கரண்ட் உண்டு என்று முடிவானது. அந்த வெட்டு குடியிருப்புகளின் தலையில் விழுந்தது. தொம்மலூருக்குக் காலையிலிருந்து சாயங்காலம்வரை கிடையாது.

படியிறங்கும்போது நாகேஷ் திட்டவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். "பேப்பர்ல இல்லாதவங்களுக்கு சங்கம் இன்னா கேக்க முடியும், ஞானசேகர்?" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்புஜம் அவன் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவனிடம் மூடி வாங்கும் அத்திபெலே கம்பெனியின் வண்டி ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டதாம். தன் வேலையைப் போட்டுவிட்டு, கணக்கில் குறைந்த மூடிகளை அவளே இழுத்து ஏற்றி அனுப்பியிருந்தாள். அன்று பார்த்துக் கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை. அவளுடைய சோப்புப் பெட்டி ஆர்டர் தொடாமல் கிடந்தது.

நடந்ததைச் சொன்னான். அவள் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நேரம் கேட்டோம். சொல்லிட்டானுங்க, போ."

"உன் பெட்டிய நான் இழுத்துத் தரேம்மா."

"எப்பண்ணா? பகல்ல கரண்ட் இல்ல. ராத்திரி சத்தம் கேட்டா வீட்டுக்காரன் காலி பண்ணுன்னுவான்."

கரண்ட் உள்ள ஒரு முழுப் பகல். அம்புஜத்துக்கு அவன் அதைக் கடன்பட்டிருந்தான்.