ரயிலை மறைத்த மனிதர்

ஷார்ஜாவில் ரயில் கிடையாது. பக்கத்து துபாயில் மெட்ரோ இருக்கிறது. ஆனால் அதை ரயில் என்று சொன்னால் சேதுராமனுக்குக் கோபம் வந்துவிடும். “அது லிஃப்ட் மேடம். படுத்துக்கிட்டே போற லிஃப்ட்” என்பார்.

அப்படிப்பட்ட ஊரில், ரோலா பகுதியில் சாதிக் பாட்ஷாவின் உணவகத்து மாடியில், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து இரவுக் கூட்டம் வருவதற்குள் கிடைக்கும் அமைதியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடிப் பழைய பிரித்தானிய ரயில்களைப் பற்றிப் பேசுவார்கள். பிரித்தானியாவை நேரில் பார்த்தவர் அவர்களில் சேதுராமன் ஒருவர்தான். பத்து நாள் சுற்றுலாவில் பெரும்பகுதியைப் பிளாட்பாரங்களில் கழித்தவர். மிச்ச நாட்களில் மனைவி அவரோடு பேசவில்லை. தலைவர் செல்வசிங், குளச்சல் பக்கத்துக்காரர், ஏசி மெக்கானிக். இங்கிலாந்துக் கிழவர்கள் பழைய படங்களைப் பகிரும் இணையக் குழுவில் தினமும் ஆஜராகி, அவர்கள் பெயர் மறந்த ஸ்டேஷன்களை அவர்களுக்கே நினைவூட்டுபவர். சாதிக் பாட்ஷா இடமும் டீயும் கொடுப்பார். ரயில் பிரியம் அவருக்கு டீ கொடுத்துக் கொடுத்தே வந்தது.

கஜானி மட்டும்தான் பெண். துபாயின் ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கிடங்கில் ஆவணப் பிரிவு வேலை. ஒரு வருடமாக வருகிறாள், ஆனால் இன்னும் அங்கத்தினர் இல்லை. குழுவின் கண்காட்சியில் சொந்தப் படம் ஒன்று தொங்கினால்தான் அங்கத்தினர். இணையத்தில் எடுத்தது செல்லாது. கண்காட்சி அடுத்த மாதம். அவளிடம் சொந்தப் படங்கள் இருந்தன. அதில்தான் சிக்கல்.

அவளுடைய அப்பா அரியரத்தினம் எண்பதுகளில் யோர்க் நகரத்தில், ஓர் இனிப்புத் தொழிற்சாலையின் சரக்கறையில் கணக்கு எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அறைத்தோழனோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார். பருத்தித்துறைப் பக்கம் தண்டவாளமே கிடையாது. யாழ்ப்பாணம்வரை வந்த ரயிலும் யுத்தத்தில் நின்றுபோனது. ஆகவே கஜானி வளர்ந்த வீட்டில் ரயில் என்பது ஷோகேஸில் சாய்த்துவைத்த அந்தப் படங்கள்தான். எல்லாப் படத்திலும் ரயில் இருந்தது. எல்லாப் படத்திலும் அதற்கு முன்னால் அப்பா இருந்தார்.

படத்தைச் சாய்த்துப் பிடித்தால் அவருக்குப் பின்னால் இருப்பது தெரியும் என்று நினைத்த வயது அது. அவள் இந்தப் பக்கம் சாய்ப்பாள், அந்தப் பக்கம் சாய்ப்பாள். “தகப்பன்ர ஏக்கத்தில பிள்ளை படத்தையே பாத்துக்கொண்டிருக்குது” என்று அம்மா அயலவர்களிடம் சொல்லிக் கண் கலங்குவாள். கஜானி மறுக்கவில்லை. ஏக்கம் உண்மைதான். எதன்மேல் என்பதை யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்த அப்பா விசிட் விசாவில் அவள் வீட்டில் இருந்தார். படம் கண்காட்சியில் தொங்கப்போகிறது என்று லிஃப்டில் ஏறுகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கீழ்த்தளத்து மலையாள நர்ஸுகளுக்கு அழைப்பும் போய்விட்டது. படம் எது என்று முடிவுசெய்கிற அந்த ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே டை கட்டிக்கொண்டு கூட வந்தார்.

“நீங்கள் சும்மா இருந்தால் போதும் அப்பா” என்று படியேறும்போது கஜானி சொன்னாள்.

“நான் என்ன கதைக்கப்போறன் பிள்ளை? படத்தில நிண்ட மாதிரி நிப்பன்.”

அவள் பயந்ததும் அதற்குத்தான்.

இருந்ததில் நல்ல படத்தை மேசையில் வைத்ததும் எல்லாத் தலைகளும் குனிந்தன. மண்ணிறக் கோட்டு, அகலக் காலர், உயர்ந்த குதிச் சப்பாத்து, நடுவில் முப்பத்துச் சொச்ச வயது அரியரத்தினம். இடப்பக்கம் ஒரு டீசல் எஞ்சினின் பெரும்பகுதி. வலப்பக்கம் முதல் பெட்டியின் ஓரம்.

“நாப்பத்தேழாம் வகுப்பு எஞ்சின்” என்றார் சேதுராமன், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு. “அருமை. நம்பர் பாருங்க… நாலு, ஏழு…” கண்ணாடி நகர்ந்து அரியரத்தினத்தின் தோளில் முட்டிக்கொண்டு நின்றது. “அதுக்கப்புறம் சார் இருக்கார்.”

“மத்த மூணு நம்பர் என்னய்யா?” என்று செல்வசிங் ஆவலோடு கேட்டார்.

“எனக்கென்ன தம்பி தெரியும்? நான் கமராவைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான்.”

“திரும்பி ஒரு தடவ பாத்திருக்கப்படாதா?”

“திரும்பினால் படத்தில முதுகெல்லோ விழும்!”

சேதுராமன் கண்ணாடியைக் கீழே வைத்தார். “மேடம், வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ரூல் உங்களுக்கே தெரியும். படத்துல மனுஷங்க இருக்கக் கூடாது.”

இந்த விதி வந்ததற்குக் காரணம் உண்டு. முதல் வருடக் கண்காட்சிக்கு எல்லோரும் மெட்ரோ வாசலில் மனைவி மக்களோடு எடுத்த படங்களைக் கொண்டுவந்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஏதோ கல்யாண வீடு என்று நினைத்துக்கொண்டு சாப்பாடு எங்கே என்று கேட்டார்கள்.

“இதுக்கெல்லாமா கலங்குறது?” என்று செல்வசிங் போனை எடுத்தார். “அக்கா, ஒரு நிமிசம். நம்மகிட்ட வழி இருக்கு.” மேசைப் படத்தைப் போனில் பிடித்து, கிரிக்கெட் பார்க்க மாட்டியிருந்த பெரிய டிவியில் ஏற்றினார். அரியரத்தினம் சுவரளவுக்கு வளர்ந்து நின்றார். செல்வசிங் விரலால் அவரைச் சுற்றி ஒரு கோடு போட்டார். தலையில் தொடங்கிச் சப்பாத்துவரை ஒரு தரம் தேய்த்தார்.

அரியரத்தினம் போய்விட்டார். எஞ்சின் முழுதாக நின்றது.

“யா அல்லாஹ்” என்றார் சாதிக் பாட்ஷா.

கஜானி நாற்பது வருடமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் கிடைக்காதது. அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், அதில் சந்தேகமே இல்லை. பக்கத்து நாற்காலியில் அப்பா உயிரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. வந்த வரிசைதான் அவளைச் சுட்டது. நல்ல மகளுக்கு இது முன்பின்னாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

அரியரத்தினம் டிவியை வெகுநேரம் பார்த்தார். “கோட்டையாவது விட்டிருக்கலாம் தம்பி” என்றார். “நல்ல கம்பளிக் கோட்டு.”

“இதுவும் செல்லாது” என்று சேதுராமன் எழுந்து டிவிக்கு அருகே போனார். “அந்த மூணு நம்பரும் மெஷின் போட்டது. இது எட்டா, மூணா, ஜிலேபியா? இங்க பாருங்க, ஒரு கதவு வெச்சிருக்கு. நாப்பத்தேழுல இந்த இடத்துல கதவே கிடையாது.”

“நம்பரைக் கொஞ்சம் மங்கலாக்கிருவேன். கதவையும் தேய்ச்சிருவேன்” என்றார் செல்வசிங். “அக்காவும் எத்தன நாளு வந்துகிட்டிருக்காவ.”

“அதெல்லாம் எதுக்கு? ரயில்வே ஆளுன்னா ரூல்ல இடம் இருக்குல்ல?” என்று சாதிக் பாட்ஷா குறுக்கிட்டார். “டிரைவர், கார்டு இவங்கள்லாம் படத்துல நிக்கலாமே. ஐயா, நீங்க ஸ்டேஷன்ல ஏதாச்சும் வேலை பார்த்தீங்களா? ஒரு நாளாச்சும்? போர்ட்டர்னு போட்டுருவோம். கலாஸ், முடிஞ்சுது.”

அரியரத்தினம் டீக் கோப்பையை வைத்தார். “போர்ட்டரே?”

“சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.”

“பேச்சுக்கோ? ஊரில ஆரும் இந்தப் படத்தைக் கண்டால் என்ன கதை வரும் தெரியுமோ? அரியரத்தினம் லண்டனில மூட்டை தூக்கினவர் எண்டெல்லோ சொல்லுவினம்!”

“யோர்க்னு சொன்னீங்களே சார்?” என்றார் சேதுராமன்.

“ஊருக்கு எல்லாம் லண்டன்தான்.” டையைச் சரிசெய்துகொண்டார். “போர்ட்டர் எண்டு போடுறதைவிட என்னை அழிச்சே போடுங்கோ. எனக்கொரு மறுப்பும் இல்லை. பிள்ளைக்கு மெம்பர் கிடைச்சால் சரி.”

எல்லோரும் கஜானியைப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பேசாமல் இருந்தால் போதும். அப்பாவே சம்மதித்துவிட்டார். செல்வசிங் கதவைத் தேய்ப்பார், சேதுராமன் முணுமுணுத்துவிட்டு விடுவார், அடுத்த மாதம் அவள் அங்கத்தினர். ரயிலும் முழுதாகக் கிடைக்கும்.

அவள் மறுபடி டிவியைப் பார்த்தாள். இப்போது அந்த இடம் மட்டும்தான் கண்ணில் பட்டது, அப்பா நின்ற இடம். அங்கே இல்லாத கதவு, இல்லாத எண்கள், பக்கத்திலிருந்து இழுத்து ஒட்டிய கொஞ்சம் நீல நிறம். சிறுவயதில் அவள் கற்பனை செய்த எஞ்சின்கூட இதைவிட நம்பும்படியாக இருந்தது. அவருக்குப் பின்னால் நிஜமாக என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இவ்வளவு காலமும் அப்பா ஒரு ரயிலை மறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்திருந்தாள். அவரை எடுத்துப் பார்த்தால் பின்னால் ரயிலே இல்லை.

“அழிச்ச படம் வேண்டாம்” என்றாள். “அப்பாவோட போடுங்கோ. இல்லையெண்டால் என்ர படமே வேண்டாம்.”

எல்லோரையும்விட அதிகம் திடுக்கிட்டவர் அரியரத்தினம். “ஏன் பிள்ளை? உனக்கு ரயிலெல்லோ விருப்பம்?”

“ஆர் சொன்னது?”

“நீதான். நான் லண்டனில இருந்து ஊருக்கு வந்து இறங்கின அண்டைக்கு, வாசலில நிண்டு என்னைப் பாத்த உடன என்ன கேட்டனி தெரியுமோ? ‘ரயில் எங்க?’ எண்டு.”

சாதிக் பாட்ஷா வாய்விட்டுச் சிரித்தார். செல்வசிங் சிரிப்பை இருமலாக்கப் பார்த்தார். கஜானிக்கு அது நினைவில் இல்லை. ஆனால் கேட்டிருப்பாள் என்பதில் ஐயமும் இல்லை. இத்தனை வருடமாகப் பொத்திவைத்திருந்த குற்றம் அப்பாவிடம் ஒரு வேடிக்கைக் கதையாகக் கிடந்திருக்கிறது! அவருக்கு அது வலிக்கவில்லையா, வலித்துப் பழகிவிட்டதா என்று அவர் முகத்தில் தேடினாள். டீ ஆறிப்போன கவலைதான் அதில் தெரிந்தது.

சேதுராமனுக்கு இந்தக் குடும்ப விஷயங்களில் பொறுமை போதவில்லை. “சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எல்லாப் படத்துலயும் கரெக்டா நம்பர் மேலயே எதுக்கு நின்னீங்க? எஞ்சின் அவ்ளோ நீளம். வேற இடமே கிடைக்கலையா?”

“குளிர் தம்பி.”

“குளிருக்கும் நம்பருக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில ஒரு குழாய் இருக்கும். அதுக்குள்ளால புஸ் புஸ்ஸெண்டு ஆவி வரும். அதில நிண்டால் கால் சூடாகும். என்ர ரூமில ஹீட்டருக்குக் காசு போட வேணும், ஸ்டேஷனில சும்மா. ரயில் வெளிக்கிடும்வரைக்கும் நிப்பன். வந்ததுக்கு ரூம்மேட் ஒரு படமும் எடுப்பான்.”

மாடியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“ஆவியா! அப்ப பெட்டிய சூடாக்க பாய்லர் வெச்ச எஞ்சின்!” என்று சேதுராமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “மின்சார ஹீட்டர் மட்டும் வெச்சதெல்லாம் கழிஞ்சிடுச்சு!”

“எந்தக் காலு அய்யா சூடாச்சு? வலதா, இடதா?” என்றார் செல்வசிங்.

“ரெண்டும்தான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லணும். குழாய் எந்தப் பக்கம் ஒழுகிச்சுன்னு தெரியணும்லா.”

“தம்பி, சூடு வந்தால் ஆரும் எந்தக் கால் எண்டு பாப்பினமே?”

டீ இரண்டாம் சுற்று வந்தது. எண் மட்டும் கிடைக்கவில்லை. பாய்லர் வைத்த நாற்பத்தேழுகளே நூற்றுக்கு மேல் என்று சேதுராமன் தலையைப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்தபோது வேறு தொனியில் பேசினார்.

“ஒரு விஷயம். நம்ம கண்காட்சியில எந்தப் படத்துக்கும் கீழ, உறுதியாத் தெரிஞ்ச பேரைத்தான் போடறோம். இல்லையா? சந்தேகத்துக்குரியது எதுவும் போட மாட்டோம்.”

“ஆமா” என்றார் செல்வசிங்.

“இந்தப் படத்துல எஞ்சின் எதுன்னு தெரியாது. பெட்டி எதுன்னு தெரியாது. வண்டி எங்க போச்சுன்னு இவருக்கே தெரியாது. சந்தேகமில்லாம அடையாளம் தெரிஞ்ச ஒரே பொருள் இவர்தான்.” தான் போகும் திசை தனக்கே பிடிக்காதவர்போல மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “அப்ப முறைப்படி, இவர் பேரைத்தான் போடணும்.”

“மனுசன் இருக்கப்படாதுங்குற ரூலு?” என்று செல்வசிங் மெதுவாகக் கேட்டார்.

“ரயில் படத்துல மனுஷன் இருக்கக் கூடாது. இது இவர் படம். பின்னால ரயில் வந்து நின்னா அதுக்கு நாம என்ன பண்றது?”

“அப்ப முடிஞ்சுது. யல்லா, எழுதுங்க!” என்று சாதிக் பாட்ஷா மேசையில் தட்டினார்.

அரியரத்தினம் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சேதுராமனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் ‘திரு’ கட்டாயம் வர வேண்டும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து வேண்டும். யோர்க் வேண்டாம், லண்டன் போடலாம். இதற்குச் சேதுராமன் உயிரே போனாலும் சம்மதிக்க மாட்டேன் என்றார். வருடம் போட்டால் வயது தெரிந்துவிடும் என்று அரியரத்தினம் வாதாடினார். இருவரும் டீயை மறந்தார்கள்.

கஜானி படத்தைக் கையில் எடுத்தாள். வழக்கம்போலக் கண் எஞ்சின் பக்கம் போகப் பார்த்தது. அதை இழுத்துவந்து சப்பாத்துகளில் நிறுத்தினாள். அவற்றைச் சுற்றி மெல்லிய வெள்ளை மூட்டம். அதைப் படம் கழுவியதில் வந்த கறை என்றே அவள் நினைத்திருந்தாள். அதிலிருந்து மேலே போனாள். மண்ணிறக் கோட்டு, அகலக் காலர், முகம். பாதி மூடிய கண்கள், கொஞ்சம் உயர்ந்த தாடை. லண்டன் பெருமையில் நிற்கிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அது பெருமை இல்லை. ஒரு வாரக் குளிருக்குப் பிறகு இரண்டு பாதங்களிலும் சூடு ஏறுகிற ஒரு மனிதனின் முகம் அது.

“பிள்ளை, இங்க வா” என்று அப்பா கூப்பிட்டார். “இந்த மனுசனுக்கு அரியரத்தினத்துக்கு எந்த ‘ர’ எண்டு சொல்லு.”

“வாறன்” என்றாள். படத்தைக் கீழே வைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.