ரெண்டு பீஸ்

மனைவி ரெபேக்காளை ஃப்ரீசர் பெட்டிக்குள் வைத்து மூடிய கையோடு பூபாலன் பைக்கைக் கிளப்பினான். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செத்தவளின் தம்பி கிருபாகரன் ஓடிவந்து பின்சீட்டில் தொற்றிக்கொண்டான்.

"எங்க மாமா போற?"

"மகாபலிபுரம். மாஸ்க் வாங்கணும்."

"இன்னா மாஸ்க்?"

"வெல்டிங் மாஸ்க்."

கிருபாகரனுக்கு வந்த கோபத்தில் அங்கேயே குதித்திருப்பான். அதற்குள் வண்டி நெம்மேலியைத் தாண்டி ஈ.சி.ஆரில் பறந்துகொண்டிருந்தது.

பூபாலனுக்குக் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் டிரைவர் வேலை. வெல்டிங் அவனுக்கு வீட்டுப் பைத்தியம். கொல்லை ஷெட்டில் கோழிக்கூண்டு, துணிக்கொடி ஸ்டாண்ட் என்று எதையாவது ஒட்டிக்கொண்டே இருப்பான். விடியலில் ரெபேக்காள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஆட்டோ கூட்டிவர அவன் வண்டியை ஷெட்டிலிருந்து இழுத்த அவசரத்தில், ஆணியில் மாட்டியிருந்த, கையில் பிடிக்கும் வெல்டிங் முகக்கவசம் விழுந்து அதன் கறுப்புக் கண்ணாடி தூளானது. ஆட்டோ வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

சாயந்தரம் அடக்கம். குழியை மூடியதும் தலைமாட்டில் சிலுவை நட வேண்டும். ஊரில் எல்லாரும் முதலில் மரச் சிலுவைதான் நடுவார்கள். இவன் மட்டும், என் கையால் இரும்பில் செய்துதான் நடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"இந்த உப்புக் காத்துல இரும்பு மட்டும் நிக்குமா மாமா?" என்று கிருபாகரன் அவன் காதுக்குள் கத்தினான். நியாயமான கேள்விதான். பூபாலன் ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினான்.

ஹார்டுவேர் கடை அருணகிரிக்கு விஷயம் தெரியாது. "வாப்பா! இன்னிக்காவது முடிவு பண்ணிட்டியா?" என்று சிரித்தார்.

பல மாதமாக நடக்கும் கூத்து இது. வெல்டிங் வெளிச்சம் பட்டதும் தானாகக் கறுத்து, அணைந்ததும் தானாகத் தெளியும் மாஸ்க். தலையில் மாட்டிக்கொண்டால் ஒரு கை மிச்சம். வெளிச்சத்தை உணரும் சென்சார் ரெண்டு வைத்தது மலிவு, நாலு சென்சார் வைத்தது விலை ரெட்டிப்பு. மலிவானதில் கை குறுக்கே வந்தால் கண்ணாடி வெளுத்துவிடும் என்று எவனோ எழுதியதை ஃபோனில் படித்ததிலிருந்து இவனுக்குத் தூக்கம் கெட்டது. வருவான், மாட்டுவான், வெயிலைப் பார்த்துத் தலையை ஆட்டுவான், பேட்டரியை மாற்ற முடியுமா என்று கேட்பான், போய்விடுவான். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள முடிவு பண்ண ஆளு இது" என்று ரெபேக்காள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இன்றைக்கும் அவன் நாலு சென்சாரை எடுத்தான், வைத்தான், திரும்ப எடுத்தான்.

"வூட்டு வேலைக்கு ரெண்டே போதும்பா. நீ இன்னா கப்பலா கட்டப் போற?" என்றார் அருணகிரி.

கிருபாகரனுக்குத் தாங்கவில்லை. "அக்கா அங்க பொட்டில படுத்துகினு கீது. நீ இங்க சென்சார் எண்ணிகினு கீற. நீயெல்லாம் மனுசனா?"

அருணகிரியின் சிரிப்பு நின்றுபோனது.

பூபாலன் கையிலிருந்த மாஸ்க்கையே பார்த்தான். இத்தனை யோசனையும் ஒரு ஜோடிக் கண்ணுக்குத்தான். ஒரு கையில் கவசம், மறு கையில் ராடு மாட்டிய ஹோல்டர். கம்பியைப் பிடிக்கிற மூன்றாவது கை எப்போதும் ரெபேக்காளுடையது. கூப்பிட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பிடிப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு. அப்படியும் ராத்திரியில் கண்ணுக்குள் மணலைக் கொட்டினாற்போல எரிகிறது என்பாள். உருளைக்கிழங்கை அரிந்து இமைமேல் வைத்துக்கொண்டு படுப்பாள். அவளுக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்று இந்த மனுஷனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. வெட்கத்தில் காது சுட்டது.

"ரெண்டு சென்சாரே குடுண்ணா. ரெண்டு பீஸ்."

"ரெண்டு எதுக்குபா?"

"புடிச்சிகினு நிக்கிறவங்களுக்கும் கண்ணு கீதில்ல?"

கிருபாகரன் ரெண்டு மாஸ்க்கையும் வாங்கிக்கொண்டு பைக்கில் ஏறினான்.

ஃப்ரீசர் பெட்டி ஓடுவதால் வெல்டிங்குக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் இழுத்தார்கள். "எழவு வூட்ல இன்னாடா பட்டற?" என்று வாசலில் யாரோ கத்தினார்கள். கிருபாகரன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சிலுவையின் குறுக்குக் கம்பியைப் பிடித்தான்.

"கண்ண மூடிக்கோ" என்றான் பூபாலன். வாய்ப் பழக்கம்.

"எதுக்கு மாமா? அதான் மாஸ்க் கீதே."

ராடு உரசியது. கண்ணாடி கறுத்தது. இருட்டின் நடுவே பச்சையாக ஒரு சின்ன வெளிச்சம். அதற்குள் இரும்பு இளகி, ததும்பி, ரெண்டு கம்பியும் ஒன்றாகிக்கொண்டிருந்தன.

"அடேங்கப்பா!" என்றான் கிருபாகரன். கொஞ்சம் கழித்து மெதுவாக, "அக்கா இத்த ஒரு தபா கூட பாத்ததில்ல, இல்ல மாமா?" என்றான்.

பூபாலன் கை நின்றது. ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. வெளிச்சம் அணைந்து ரெண்டு கண்ணாடிகளும் தெளிந்தன. அவன் ஹோல்டரை ஆட்டி ஆட்டி இழுத்தான். ராடு வரவில்லை. மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது.