போடு

விபத்து அறிக்கைப் படிவத்தில் 'மூலக் காரணம்' என்ற கட்டத்தைத் தொட்டால் நாலு வரி விரியும். இயந்திரக் கோளாறு, இயற்கைச் சீற்றம், இறந்தவரின் கவனக்குறைவு, இயக்கியவரின் கவனக்குறைவு. இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது. காலையிலிருந்து நானும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், ஐந்தாவது ஒன்று வரவே இல்லை. இதைச் செய்த புண்ணியவான் ஒரு நாளாவது கிரஷரில் நின்று தூசி தின்றிருப்பானா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டேன்.

செத்துப்போனது மதுரைவீரன் அண்ணன். கல் ஏற்றுகிற பெல்ட்டை ஓட்டியது ஜஸ்டின் அண்ணன். அறிக்கை எழுதுகிற நான் இலக்கியா, கொடும்பாளூர் பக்கம் இருக்கிற இந்த ஜல்லி கிரஷரில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். போன தையிலிருந்து 'சேப்டி'யும் நானே. சேப்டி பைல் இருந்தால்தான் ஜல்லி எடுப்போம் என்று ரோடு கான்ட்ராக்ட்காரர்கள் சொல்லிவிட்டார்கள். முதலாளி ஆவுடையப்பன் என்னைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம ஆன்லைன்ல கிளாஸாம், ஆறு மாசம். பேரே இலக்கியா, நீதான் நல்லா எழுதுவே, சேந்துரு" என்றார். இப்படித்தான் நான் பாதுகாப்புப் பொறியியல் படிக்கப் போனேன்.

மூன்றாவது வாரமே பைலைக் கேட்டுவிட்டார்கள். நான் என்ன கண்டேன்? வகுப்பில் கொடுத்த மாதிரித் தாளை எடுத்து, எங்கள் மெஷின் பெயர்களை மாற்றி நிரப்பினேன். எது ஆபத்து, எவ்வளவு மோசம், எத்தனை தடவை நடக்கும், தடுக்க என்ன இருக்கிறது. 'அடியில் ஆள் இருக்கும்போது பெல்ட் ஓடுதல்' என்ற வரியில் மோசத்துக்கு ஐந்து போட்டேன். தடுப்புக்கு 'வாய்மொழி உறுதி' என்று மாதிரியில் இருந்ததை அப்படியே விட்டேன். தடுப்புதான் இருக்கிறதே என்று வாய்ப்புக்கு ஒன்று. ஐயொன்று ஐந்து, பயமில்லை என்று பச்சை. அந்தக் கட்டத்துக்குப் பச்சை அடித்தது இந்தக் கைதான்.

வாய்மொழி உறுதி என்றால் எங்கள் கிரஷரில் இதுதான். பெல்ட்டின் அடி உருளையில் கல் சிக்கினால் ஜஸ்டின் அண்ணன் சுவிட்சை அணைப்பார். மதுரைவீரன் அண்ணன் கடப்பாரையோடு இறங்கிக் கல்லை எடுப்பார். வெளியே வந்து "போடு!" என்று ஒரு சத்தம் கொடுப்பார், ஜஸ்டின் அண்ணன் சுவிட்சைப் போடுவார். சுவிட்ச் ரூமிலிருந்து உருளை தெரியாது, நடுவில் சுவர். காதுதான் கண். பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓடியது.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல். கல் சிக்கியது, சுவிட்ச் அணைந்தது, அண்ணன் இறங்கினார். பக்கத்தில் செவந்தியக்கா சிந்திய ஜல்லியைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து அண்ணன் பார்த்திருக்கிறார். "ஏத்தா, எதுக்குச் சொமந்துக்கிட்டே நிக்கிறே? கூடயப் போடு" என்றிருக்கிறார். பக்கத்து மெஷின் அரைத்துக்கொண்டிருந்த இரைச்சலில் சுவரைத் தாண்டிப் போனது கடைசிச் சொல் மட்டும்தான்.

நாசமாய்ப் போன சொல். காபி போடு, கோலம் போடு, சோறு போடு, சண்டை போடாதே. விடிந்தால் அடைந்தால் நூறு தடவை சொல்கிறேன். ஒரே ஒரு தடவை உட்கார்ந்து இதை யோசித்தேனா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ரகுநாத் சார் இதையேதான் நடத்தினார், கேளுங்கள் கொடுமையை. ஒரு கட்டளை நாலு விதத்தில் ஆளைக் கொல்லும் என்றார். கொடுக்க வேண்டியபோது கொடுக்காமல் போவது, கொடுக்கக் கூடாதபோது கொடுப்பது, முந்தியோ பிந்தியோ கொடுப்பது, நிறுத்த வேண்டியதற்கு முன்போ பின்போ நிறுத்துவது. இரண்டு கட்டம் வரைந்து நடுவில் அம்பு போட்டு, "இந்த அம்புமேல என்ன வார்த்தை போகுதுன்னு எழுதுங்க. அது எப்பெப்ப தப்பாப் போகும்னு கேளுங்க. செஞ்சது யாருன்னு தேடாதீங்க. அந்த நிமிஷத்துல அவருக்கு அது ஏன் சரின்னு பட்டுச்சுன்னு தேடுங்க" என்றார். நான் கேமராவை அணைத்துவிட்டு அழுதேன். ஒரு வாரம் முந்தி நடத்தியிருக்கக் கூடாதா?

ஆனாலும் ஒன்று செய்யலாம் என்று நினைத்தேன். ஜஸ்டின் அண்ணன் மேல் கேஸ் ஆகி, ஜாமீனில் வீட்டில் இருக்கிறார். அறிக்கையிலாவது அவர் பெயரைக் காப்பாற்றிவிட வேண்டும். நாலு பக்கம் தனியாக எழுதினேன். சுவர், இரைச்சல், அந்தச் சொல், என் பச்சைக் கட்டம், ஒன்றையும் மறைக்கவில்லை. சுவிட்சுக்கு ஒரு பூட்டைப் போட்டு, அடியில் இறங்குகிறவர் சாவியை மடியில் வைத்திருந்தால் இது நடந்தே இருக்காது என்றும் எழுதினேன்.

முதலாளி நாலு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாம் சரிதான். இத அனுப்புனா கெரஷர மூடிருவாய்ங்க. நாப்பது குடும்பம் எங்கிட்டுப் போகும்? அவன் மேலதான் ஏற்கெனவே கேஸ் இருக்குல்ல, இந்த ஒத்த வரியால புதுசா என்ன வந்துரப் போவுது?"

"அவரு மேல தப்பு இல்லங்கய்யா."

"எனக்குத் தெரியாதாத்தா? பூட்டு வாங்கிருவோம். இத இன்னைக்கு முடி."

நாலாவது வரியைத் தொட்டேன். அடுத்த பக்கம் உடனே திறந்துகொண்டது. 'இனி எடுக்கும் நடவடிக்கை' என்று கேட்டது. 'இயக்குபவருக்குப் பயிற்சி அளிக்கப்படும்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். தூ என்று என்னையே துப்பிக்கொள்ளத் தோன்றியது.

சாயங்காலம் திருக்கோகர்ணத்தில் ஜஸ்டின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பிளெஸ்ஸி கதவைத் திறந்து, "உள்ள இருக்காக, போ" என்றார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்துவிட்டார். நோட்டை விரித்து, கட்டங்களையும் அம்பையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒங்க தப்பு இல்லண்ணே. பாதித் தப்பு நான் பச்சை அடிச்ச தாளுல இருக்கு. என் தப்பு."

அம்பின் மேல் விரலை ஓட்டினார்.

"இது முந்தியே ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதுண்ணே. அப்பறமாத்தான் நடத்துனாங்க."

"ம்." நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "இந்தத் தெருவுல எனக்கு இப்ப என்ன பேரு தெரியுமா? ஆளப் போட்டவன்."

இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? "ரிப்போர்ட்டுல ஒங்க கவனக்குறைவுன்னு குடுத்துட்டேண்ணே. நீங்க என்னைய மன்னிக்க வேணாம்" என்றேன்.

அவர் கோபப்படுவார், நாலு வார்த்தை திட்டுவார், எனக்குக் கொஞ்சம் பாரம் குறையும் என்று பார்த்தேன். "நீ என்ன பண்ணுவே? நல்லா இருட்டிருச்சு பாரு, பஸ் இருக்கா ஒனக்கு?" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன், எதிரே இருந்த அவர் முகமே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. லைட் சுவிட்ச் அவர் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது, கையைத் தூக்கினால் எட்டும். அவர் தூக்கவில்லை. அடுப்படியிலிருந்து பிளெஸ்ஸி அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றார், அழுத்தவில்லை. ஜஸ்டின் அண்ணன் மெதுவாக எழுந்தார். கதவுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். என் கை மடியில் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு முழங்காலிட்டு, தலையைத் தரையில் சாய்த்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவத் தொடங்கினார். அண்ணி விரலை எடுக்காமல் அவர் சொல்லுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.